ஆசிரியர் குறிப்பு

முதலில் நான் கம்பு என்றுதான் எழுதியிருந்தேன்.
ஆங்கிலத்தில் வெறும் சிறுதானியம், எதுவென்று இல்லை.
ஐயப் பட்டியலுக்கு நாற்பது நாள் கழித்துப் பதில்:
"அம்மையீர், அது கம்பு அன்று.
கதிர் முற்றினால் விரல் மடக்கிய கைபோல் இருக்கும்.
கொதிநீரில் மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டுவோம்.
தோள் நோகும்."

பென்னாகரம் கடைசிப் பேருந்தில் நின்றபடி படித்தேன்.
வீட்டில் அடுப்பின்மேல் அதே களி.
ராகி என்று எழுதி அனுப்பினேன்.
"எங்கள் மலையிலிருந்து உங்களிடம் வந்தது என்கிறார்கள்.
நன்றி சொல்ல வேண்டாம்" என்றார்.

யோராமு கஷைஜா.
ம்பராராவுக்குத் தெற்கே
மாட்டுக்கொம்பு ஆளுயரம் வளரும் ஊர்.
பிறந்த ஆண்டு, அப்பா கணக்கில், கோமாரி வந்த ஆண்டு;
பாதிரியார் பதிவேட்டில் முப்பத்தெட்டு.
மிஷன் பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு பசு போனது,
கருஞ்சிவப்பு, பெயர் பிஹோகோ.
முதல் நாவலின் முதல் பக்கத்தில்
அப்பா இல்லை, மனைவி இல்லை:
"என் முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்திய பிஹோகோவுக்கு."

பிறகு மகெரேரே.
பிறகு இங்கிலாந்தில் முனைவர் பட்டம்,
அங்கேயே யாரும் படிக்காத ஒரு கவிஞனைப் பற்றி.
முப்பத்து நான்கில் துறைத்தலைவர்.
ஒரு வியாழக்கிழமை
வகுப்பின் கடைசி வரிசையில் புதிதாக இரண்டு பேர்
குறிப்பெடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.
அன்றிரவே எல்லை தாண்டினார்.
பையில் திருத்தாத விடைத்தாள் முப்பத்தொன்று.
நைரோபியில் திருத்தித் தபாலில் அனுப்பினாராம்.
மூன்று பேர் தோல்வி.

இதை மட்டும் நான் நம்பவில்லை.
ஆனாலும் மொழிபெயர்த்தேன்.

நைரோபி, லூசாக்கா,
கனடாவில் பனி மூடிய ஏதோ ஒரு கல்லூரி.
அங்கேதான் ஆங்கிலத்தில் எழுதுவதை நிறுத்தினார்.
கேட்டால் கோட்பாடு பேசமாட்டார்:
"ஒரு பசுவை ஒழுங்காகத் திட்ட
அந்த மொழியில் ஐந்து சொல்கூடத் தேறவில்லை."

நான் கௌரவ விரிவுரையாளர்.
கௌரவம் மாதாமாதம் வந்துவிடும்,
சம்பளம்தான் சில மாதம் வராது.
இதையும் எழுதியிருந்தேன்.
"லூசாக்காவில் எனக்கு ஏழு மாதம்.
வாழைப்பழம் நல்ல உணவு."

ஒருமுறை கேட்டார்:
பகைவன் ஓட்டிப்போன மந்தைக்கு
உங்களிடம் தனிச்சொல் உண்டா?
தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போனேன்.
நடுகற்கள் வெயிலில் நின்றன.
ஒருவன் வில்லோடு, பக்கத்தில் வட்டெழுத்து.
எனக்குப் படிக்க வராது.
காவலர்தான் விரல் வைத்துச் சொன்னார்:
தொறு மீட்டுப் பட்டான்.

தொறு.
அனுப்பினேன். மேசைக்கு எதிரே ஒட்டியிருப்பதாகப் பதில் வந்தது.
கீழே ஒரு கேள்வி:
மீட்டவன் செத்தான், சரி,
மாடு வீடு வந்து சேர்ந்ததா, கல்லில் உண்டா?

இல்லை என்று எழுத
நாள் தள்ளிக்கொண்டே போனேன்.

மார்ச்சில் மகள் நான்கு வரி அனுப்பினாள்.
ஊர் திரும்பியபின் ஒன்பது மாடு வைத்திருந்தாராம்.
பால் கறக்கும் நேரத்தில்.

மே மாதம், விடைத்தாள் முகாம்.
மின்விசிறி சுற்றும், காற்று வராது.
அவருடைய ஒரு கதை நான்காம் பருவத்தில் பாடம்.
ஆசிரியர் குறிப்பு வரைக, ஐந்து மதிப்பெண்:
பிறப்பு ஒன்று, பட்டம் ஒன்று, பதவி ஒன்று,
நூல்கள் ஒன்று, விருது ஒன்று.

பலரும் அவரைத் தென்னாப்பிரிக்காவில் பிறக்க வைத்திருந்தார்கள்.
ஒரு தாளில், பேனா மை திட்டுத்திட்டாய்,
உடைந்த ஆங்கிலத்தில் நாலே வாக்கியம்:
அவர் பெயர் மறந்துவிட்டது.
ஒரு பசுவை விற்றுப் படித்தார்.
பசுவின் பெயர் பிஹோகோ.
எங்கள் வீட்டில் விற்றதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை.

விடைக்குறிப்பில் பசு இல்லை.
இரண்டு போட்டேன்.
அடித்தேன்.
நான்கு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்,
யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று.
யாரும் கேட்கவில்லை.
கட்டில் இன்னும் இருபத்தாறு தாள் இருந்தது.