எங்கே வைப்பது

பெத்தெஸ்டாவில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
குடை பிடித்து வருபவர் வெளியூர்க்காரர்.
வேனிலிருந்து கருவிப்பெட்டியை இறக்குவதற்குள்
முதுகு நனைந்துவிட்டது.
கதவில் இரண்டு அழைப்புமணி.
எதை அழுத்துவதென்று நிற்கையில்
இரண்டு பேரும் வந்து கதவைத் திறந்தார்கள்.

மாடியில் மெரெரிட். கீழே இட்வால்.
விவாகரத்தாகி ஒன்பது வருடம்,
வீடு விலைபோகவில்லை.
கெட்டில், ரேடியோ, நாய்
எல்லாம் பங்கு பிரிந்தாயிற்று.
பாய்லரை எங்கே வெட்டுவது?

சமையலறைச் சுவரில் தொங்குகிறது,
முப்பத்தைந்து வயசு, பழுப்பேறிய வெள்ளை,
வயிற்றுக்குள் நகக்கண் அளவு நீலச் சுடர்.
தெர்மோஸ்டாட் என்ற ஒன்றை அது கண்டதில்லை.
கடிகாரம் சொன்னால் எரியும், சொன்னால் அணையும்.
மாடி வெந்தாலும் கீழே விறைத்தாலும்
அதற்கு ஒன்றுதான்.
இரவு இரண்டுக்கு ஒருவர் வந்து திருகிக் கூட்டுவாராம்,
மூன்றுக்கு இன்னொருவர் வந்து குறைப்பாராம்.
ஒரே தரையில் நடந்தும்
எதிர்ப்பட்டதில்லை.

மெயினை அணைத்தேன்.
டெஸ்டரை இருமுறை தொட்டுப் பார்த்தேன், மூன்றாம் முறையும்.
மூடியைக் கழற்றினால்
இரண்டு முனைகளுக்கு நடுவே
சுட்டுவிரல் நீளத்தில் ஒரு துண்டுக் கம்பி.
"சூடு வேண்டுமா?" என்று
பாய்லர் வீட்டைக் கேட்கும் இடம் அது.
வேண்டும் வேண்டும் என்று
முப்பத்தைந்து வருடமாய்
யாரையும் விசாரிக்காமல்
பதில் சொல்லிவந்திருக்கிறது கம்பி.
பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
அங்கே ரிசீவரை இணைத்தேன்.
பாய்லருக்கு ரேடியோ அலையெல்லாம் தெரியாது.
சேர்ந்தால் எரியும், பிரிந்தால் அணையும்.
அவ்வளவுதான் அதன் பாஷை.

பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
ரிசீவர் பச்சையாய் இமைத்தது,
என் உள்ளங்கையில் இருந்த டப்பாவும் இமைத்தது,
ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன.
பதினேழு டிகிரி என்றது திரை.

"எங்கே வைப்பது?" என்றேன்.

"என் அறையில்" என்றார்கள்
இருவரும், ஒரே மூச்சில்.
ஒன்பது வருடத்தில் அவர்கள்
சேர்ந்து சொன்ன முதல் வாக்கியமோ என்னவோ.

கையேட்டைப் புரட்டினேன்.
தரையிலிருந்து ஒன்றரை மீட்டர்,
ரேடியேட்டருக்குத் தள்ளி,
நேர்வெயில் படாமல்
(பெத்தெஸ்டாவில் அந்தக் கவலை இல்லை).
கடைசியில் படிக்கட்டு திரும்பும் இடத்தில்
ஒரு தட்டை அறைந்து நிறுத்தினேன்.
யாரும் உட்காராத, யாரும் படுக்காத
அந்த மூலைக்குக் குளிர்ந்தால்
வீடு முழுக்கச் சூடாகும்.
கூலி இரண்டு உறைகளில் வந்தது,
பென்னி சுத்தமாய்ப் பாதிப் பாதி.

பிப்ரவரியில் போன்:
"நெரிஸ், இதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது."
போய்ப் பார்த்தேன்.
தெர்மோஸ்டாட்டின் இடப்பக்கம்
துண்டில் சுற்றிய உறைபட்டாணிப் பொட்டலம்.
வலப்பக்கம்
பாதி எரிந்த மெழுகுவத்தி.
நடுவில் பாவம் அது
பத்துக்கும் முப்பதுக்கும் அல்லாடிக்கொண்டிருந்தது.
பட்டாணி யாருடையது என்று கேட்கவில்லை.
அதற்கெல்லாம் நான் கூலி வாங்குவதில்லை.
தட்டைத் துடைத்து, வாசலில் நின்று
பொதுவாகச் சொன்னேன்:
அது பொய்யை அளக்காது,
பொய் சொன்னால் அதையும் டிகிரியாகத்தான் காட்டும்.

அக்டோபரில் வருடாந்திரச் சோதனை.
பட்டாணி இல்லை. மெழுகுக் கறை மட்டும்.
பத்தொன்பதரையில் நின்றிருந்தது,
இருவருமே கேட்டிராத எண்.
பின்மூடியைத் திறந்தேன், பாட்டரி பார்க்க.
ஒன்று சிவப்பு.
ஒன்று பொன்னிறத் தலை, வேறு கம்பெனி.
நான் போட்டுக்கொடுத்த ஜோடி இல்லை.

வகை கலந்து போடக்கூடாது, கசியும்.
யாரிடம் கண்டாலும் திட்டுவேன்.
பையில் புது ஜோடி இருந்தது.

மூடியை அப்படியே மூடினேன்.
கீழே சமையலறையில் ரிசீவர்
டக் என்றது,
குழாய்களுக்குள் தண்ணீர் மெல்ல முனகத் தொடங்கியது,
மாடியில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

ரசீது மட்டும்
வழக்கம்போல இரண்டாய்த்தான் கேட்டார்கள்.