வியாழன் போட்டது, சனி வந்தது

களுவாஞ்சிக்குடி மெயின் ரோட்டில்
என் கடைக்குள் பதினொரு பிரிட்ஜ்
வாய் திறந்தபடி நிற்கின்றன.
கம்பிரசர் கழற்றிய ஒன்றுக்குள்
றினோஸ் தன் சோற்றுப் பார்சலை வைத்திருக்கிறான்,
எறும்புக்குப் பயந்து.

போனில் ஒரு திருக்கோவில்க்காரி.
"தங்கச்சி, ராவிலிருந்து ஒரே சத்தம் கா,
கட கட, கட கட எண்டு."
போய்ப் பார்க்க இன்றைக்கு நேரமில்லை.
பின்பக்கம் கை வையுங்க, சூடா?
பிளக்கைக் கழற்றுங்க. ஐஞ்சு நிமிசம்.
இப்ப போட்டு ஒரு தட்டுத் தட்டுங்க,
மெதுவா.

"அவங்களும் இப்படித்தான் தட்டிப் பார்த்தாங்க அக்கா"
என்றான் றினோஸ், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

வொயேஜர்.
எழுபத்தேழில் ஏவியது.
அடுத்த வருசக் கார்த்திகையில்
எங்கள் பக்கத்துத் தென்னைகளையெல்லாம் சூறாவளி முறித்தபோது
அது வியாழனுக்குப் போய்க்கொண்டிருந்ததாம்.
இப்போது சூரியக் காற்றும் எட்டாத இடத்தில்.
அங்கிருந்து பேச அதற்கு இருப்பது
இருபத்து மூன்று வாட்.
எழும்பிப் போய் ஒரு பிரிட்ஜின் உள்பல்பைக் கழற்றிப் பார்த்தேன்.
பதினைந்து.

ஐந்து மாதம் உளறியிருக்கிறது.
ஒன்று பூச்சியம் ஒன்று பூச்சியம்
திரும்பத் திரும்ப அதே.
நினைவகத்தில் ஒரு சிப் செத்துவிட்டது.
ஆள் போய் மாற்ற முடியாது.
அதிலிருந்த கட்டளைகளை மொத்தமாய்க் குடிவைக்க
வேறெங்கும் அவ்வளவு இடமில்லை.
துண்டு துண்டாய் உடைத்து
இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம்,
எந்த மூலையில் இடைவெளி இருந்ததோ அங்கே திணித்து
ஒன்று இருக்கும் இடத்தை மற்றதுக்குச் சொல்லிவைத்து…

நிறுத்தடா, என்றேன்.

பெரியகல்லாற்றில் வீடிருந்த இடத்தில்
மணல் மட்டும் இருந்த அந்த மார்கழியில்
அம்மாவும் இதைத்தான் செய்தாள்.
ஐந்து பேரை ஒன்றாய் ஏற்க ஒரு வீட்டிலும் இடமில்லை.
சின்னவன் கிருபன் குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூருக்கு.
லோகிதன் செங்கலடியில் மாமி வீட்டு மாவு மில்லுக்கு.
நான் ஒரு ரீச்சரின் சமையலறை மூலைக்கு.
அம்மாவும் குழந்தையும் பள்ளிக்கூடத்தில், மேசைகளுக்கு நடுவே.
பிஸ்கட் பெட்டி மட்டையைக் கிழித்து
ஒருத்தர் கையில் மற்றவர்களின் விலாசம்.
யார் மட்டையிலும் அப்பாவின் பெயர் இல்லை.
அப்படியும் ஒரு குடும்பமாகத்தான் ஓடினோம்.
மண்டூரில் கிருபனுக்குக் காய்ச்சல் என்றால்
செங்கலடியிலிருந்து பனடோல் போனது.

றினோஸுக்கு இது தெரியாது. அப்போது அவன் பிறக்கவில்லை.
அவன் வாசிக்கிறான்:
வியாழக்கிழமை கட்டளை போட்டார்கள்.
போய்ச்சேர இருபத்திரண்டரை மணித்தியாலம்.
திரும்பிவர இன்னோர் இருபத்திரண்டரை.
சனிக்கிழமை பதில் வந்தது.
"வியாழன், சனி" என்று சிரித்தான்,
"ரெண்டையும் எப்பவோ தாண்டிப் போனது அக்கா அது."

ஒரு தங்கத் தட்டும் கொண்டு போகிறதாம்.
ஐம்பத்தைந்து பாஷையில் வணக்கம்.
தமிழ்?
தேடினான். இல்லை.
சிங்களம்?
"இருக்கு. ஆயுபோவன்."
இரண்டு பேரும் சிரித்தோம்,
கச்சேரியில் படிவம் வாங்கி
ரோட்டுக்கு வந்தபிறகு சிரிக்கிற சிரிப்பு.

நான் குளிர் செய்து பிழைக்கிறவள்.
அதற்கோ குளிர்தான் எமன்.
மின்சாரம் மிச்சம்பிடிக்க ஒரு கருவியின் ஹீட்டரை நிறுத்தினார்களாம்,
இனி அது வேலை செய்யாது என்ற கணக்கோடு.
செய்தது.
ஏனென்று என்னைக் கேட்டால் தெரியாது.
சில கம்பிரசர்களும் அப்படித்தான்.
எழுதிக் கழித்து மூலையில் வைத்த பிறகு
எலி ஓடின அதிர்வில் உறுமும்.

திருக்கோவில் திரும்ப அழைக்கிறது.
"சத்தம் நிண்டுட்டு தங்கச்சி."
குளிருதா?
"ஆ?"
உள்ளே. குளிருதா?
"பொறுங்க, கை வெச்சுப் பார்க்கன்."

போனை எங்கோ வைக்கிறாள்.
ஒரு மூடி உருள்கிறது, தூரத்தில் கோழி.
திரையில் விநாடிகள் ஏறுகின்றன,
நாற்பத்தொன்று
நாற்பத்திரண்டு