நீல லேபல்

காலையில் பொரளைச் சந்தையில்
எட்டுக் கட்டு வல்லாரை.
"இவ்வளவும் சம்பலுக்கா, மிஸ்?"
தலையாட்டுவேன்.
எலிக்கென்று தெரிந்தால் வாடினதைத் தருவாள்.

கழுவி, நிழலில் உலர்த்தி, அரைத்து,
எதனோலில் மூன்று நாள் ஊறவைத்து,
சுழலும் குடுவையில் எதனோலை ஓட்டிவிட்டால்
எட்டுக் கட்டும் ஒரு நகத்தளவு பிசின்.
நாக்கில் தொட்டுப் பார்த்திருக்கிறேன்,
விதிப்படி கூடாது.

இரண்டு போத்தல். மஞ்சள் லேபல், நீல லேபல்.
ஒன்றில் மருந்து, மற்றதில் உப்புத்தண்ணீர்.
எது எதுவென்று
பூட்டிய இழுப்பறை ஒன்றுக்குத்தான் தெரியும்.

முள்ளந்தண்டில் அடிபட்ட நாற்பது எலிகள்.
தாமாக மூத்திரம் போக அவற்றால் முடியாது.
காலையும் மாலையும் அடிவயிற்றை
இரு விரலால் மெல்ல அழுத்தி எடுக்கவேண்டும்.
கை பழகிவிட்டது.
வீட்டிலும் இதே வேலை,
குழாய் வைத்து.

ஜெறோம் லிப்ட் திருத்துபவர்.
கொள்ளுப்பிட்டியில் கதவு திறந்தது, பெட்டி வரவில்லை.
மூன்று மாடி.
பத்தாம் முள்ளெலும்புக்குக் கீழே உள்ளதை
இப்போது அவர் "அவங்க" என்கிறார்.
"அவங்களுக்குக் குளிருதோ என்னவோ, போத்தி விடு."

முதல் வருடம் எல்லாருக்கும் ஒரு மூலிகை தெரிந்திருந்தது.
எண்ணெய், லேகியம், மூன்றாம் குறுக்குத்தெருவிலிருந்து
பத்திரிகையில் சுற்றிய ஏதோ ஒரு வேர்.
இரண்டாம் வருடம் யாரும் வரவில்லை.
அவருக்கு இப்போது ஒரே கேள்விதான்,
கொட்டாஞ்சேனை வந்து நான் செருப்பைக் கழற்றுமுன்:
"எலி நடந்துச்சா?"

அளவுகோல் பூச்சியத்திலிருந்து இருபத்தொன்று வரை.
பூச்சியம்: அசைவில்லை.
ஒன்று: ஏதோ ஒரு மூட்டு, சற்றே.
நான்கு நிமிடம் பார்த்து எழுதவேண்டும்.
எழுதி எழுதி
என் பூச்சியம் அழகாகிவிட்டது.

ஐந்தாம் வாரம், மழை,
மருதானைப் பக்கம் ரயில் ஊதிற்று,
பதினேழாம் எலி
இடது பின்காலை ஊன்றியது.
சரிந்தது.
திரும்ப ஊன்றியது.
நீல லேபல்.

அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றே வந்தேன்.
வீட்டில் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது.
அவர் போர்வையை விலக்கித் தன் பெருவிரலை
நெடுநேரம் பார்த்தார்,
கடன் வாங்கிவிட்டு ஒளிந்திருப்பவனைப் பார்ப்பதுபோல்.

இழுப்பறை திறந்த நாள்
கன்டீனிலிருந்து பருப்பு வடை எடுப்பித்திருந்தார்கள்.
நீலம், உப்புத்தண்ணீர்.
மஞ்சள் எலிகள் சராசரியில் கொஞ்சம் மேல்,
அது தற்செயலாயும் இருக்கலாம் என்றது கணக்கு.
பதினேழு தானாகத் தேறியதாம்.
சிலது தேறும்.
திலினி மேடம் கண்ணாடியைத் துடைத்தா,
துடைத்துக்கொண்டே இருந்தா.
வடை ஆறிப்போனது.

ஜெறோம் சிரித்தார், கட்டில் குலுங்க.
"அப்ப ஒரு கிளாஸ் உப்புத்தண்ணி கொண்டா."
பிறகு,
"அந்த எலி இப்ப எங்க?"

கண்ணாடித் தகட்டில்.
ஊதாச் சாயம் ஏறிய மெல்லிய சீவலாக.
வடுவின் ஓரமாய் நாலைந்து நரம்பு நூல்கள்
வளைந்து, சுற்றி, அந்தப் பக்கம் போயிருந்தன.
நுணுக்குக்காட்டியில் ஒரு மணித்தியாலம் பார்த்தேன்.

"இருக்குது" என்றேன்.
"நடக்குதா?"

குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினேன்.
ஆய்வு முடிந்து மிஞ்சியது இரண்டு கட்டு வல்லாரை.
அவருக்குப் பிடிக்காது.
தின்பார்.