கடைசியாக மாற்றிய தேதி

சாவோ ஜோர்ஜ் தீவில்
பாற்கட்டிக் கிடங்கின் மேல்மாடியில்
எனக்கு ஒரு நாற்காலி, ஒரு கணினி,
டெயோலிண்டா விட்டுப்போன ஒரே ஒரு ஃபைல்.
அவள் டொரான்டோவுக்குப் போய்விட்டாள்,
கடவுச்சொல்லை மட்டும்
காலண்டரின் பின்பக்கம் எழுதிவைத்துவிட்டு.

திறந்தால் இருநூற்றுப் பன்னிரண்டு வினவல்கள்.
‘பால் கணக்கு’.
‘பால் கணக்கு நகல்’.
‘பால் கணக்கு நகல் சரியானது’.
‘இதுதான்’.
‘இதுவல்ல’.
‘அழிக்காதே’ என்று மூன்று;
அதில் இரண்டு வெறும் கூடு.
அகர வரிசையில் அடுக்கினேன்.
‘அழிக்காதே’ முந்திக்கொண்டு
வாசலில் வந்து நின்றது.

கீழே, கிடங்கில், இந்த அவஸ்தை இல்லை.
ஒவ்வொரு வட்டின் முதுகிலும்
பிறந்த நாள் குத்தியிருக்கிறது.
மூன்று மாதம் இடப்பக்கம்,
ஏழு மாதம் நடுவில்,
இரண்டு வருஷம் சுவரோரம்.
பூஞ்சணம் துடைக்கும் எர்மீனியோ
கண்ணை மூடிக்கொண்டு
மூக்காலேயே தேதி சொல்வான்.
இங்கே மூக்குக்கு வேலையில்லை.

பெல்மீரோ வந்தது செவ்வாய்க்கிழமை,
ரப்பர் பூட்ஸோடு, படியெல்லாம் சாணி.
“மார்ச்சிலிருந்து லிட்டருக்கு
அரை சென்ட் குறைகிறது.
என் மாடுகளுக்குக் கணக்குத் தெரியாது,
எனக்குத் தெரியும்.”

வலது கிளிக்.
அடுக்கு.
உருவாக்கிய தேதிப்படி.

பாதிக்கு மேல் ஒரே நாள், ஒரே நிமிடம்:
பழைய கணினியிலிருந்து புதியதற்கு
அவள் எல்லாவற்றையும் கொட்டிய மத்தியானம்.
அதற்கு முந்தைய வயதெல்லாம்
அங்கேயே கரைந்துவிட்டது.
நரைத்த வினவல்கள்கூடக் கைக்குழந்தைகள்.

சரி, மாற்றிய தேதிப்படி.
தூக்கத்தில் புரளும் நாய்போல
பட்டியல் ஒருமுறை உடம்பை உதறிப் படுத்தது.

பண்ணையாளர் அட்டவணை
ஒன்பது வருஷமாக மாறவில்லை என்றது.
நேற்றுதான் அதில் ஒரு பெயரை நீக்கினேன்.
நடுவில் எத்தனை கன்று, எத்தனை சாவு,
மணமுறிவில் இரண்டாய்ப் பிளந்த ஒரு பண்ணை.
எதுவும் அதற்கு உறைக்கவில்லை.
புதிதாக ஒரு கட்டம் கூட்டினால்தான் உறைக்கும்.
வந்தவர் போனவர் சுவருக்கெதற்கு;
சன்னல் வைத்து இடித்தால் தெரியும்.

மேலே ஏறிக்கொண்டே வந்தேன்.
‘இதுதான்’:
மார்ச் பதினான்கு,
இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.

டெயோலிண்டா போய்
மூன்று வாரம் ஆகியிருந்தது.
அந்த நேரத்தில் இந்த மாடியில் யார்?
யாரோ புகுந்திருக்கிறார்கள் என்றே
முதலில் சத்தமாகச் சொன்னேன்,
பெல்மீரோவின் காதில் விழும்படி.

கப்பல் வராத வாரம் அது.
மின்சாரம் போய்ப் போய் வந்த இரவு.
விசைப்பலகை ஓரம் ஆறிய காபி.
அறிக்கையில் எண்கள்
கோட்டைத் தாண்டி வழிகின்றனவே,
பார்வைக்குக் கொஞ்சம் ஒழுங்காக இருக்கட்டுமே என்று
மூன்றாவது தசமத்தை வெட்டிய விரல்.
‘மாற்றங்களைச் சேமிக்கவா?’
‘ஆம்.’
என் விரல்.

“கிடைத்ததா?” என்றார்.
“தேதி கிடைத்தது.”
“ஆள்?”
நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தேன்.
அவர் தொப்பியைக் கழற்றித்
தொடையில் தட்டினார். ஒன்றும் பேசவில்லை.

வெட்டியதை ஒட்டவைத்தேன்.
நாற்பத்தோரு பண்ணைகளுக்குப்
பாக்கி எவ்வளவென்று ஓடவிட்டேன்.
சேமித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன்:
‘இதுதான்’ பட்டியலின் உச்சிக்குப் போயிருந்தது,
இன்றைய தேதியோடு,
சற்றுமுன் குளித்து வந்ததுபோல.
மார்ச் பதினான்கு எங்கேயும் இல்லை.
இனி யார் எப்படி அடுக்கினாலும் வராது.

பெல்மீரோ படியிறங்கும் சத்தம் கேட்டது.
காலண்டரைத் திருப்பினேன்.
கடவுச்சொல்லுக்குக் கீழே
நாளையும் நேரத்தையும்
பேனாவால் எழுதினேன்.
பக்கத்தில் நட்டேர்சியா என்று
என் பெயரையும்.