ஓரத்தில் தெரிந்த பலகை

ரிமாந்தாஸ் விட்டுப்போனவை
மொத்தம் இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு.
எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: ஸ்கிரீன்ஷாட்.
அடைப்புக்குள் ஓர் எண் மட்டும்,
கைதிகளுக்குக் கொடுப்பதுபோல்.

திங்கட்கிழமைக்குள் பிரித்தாக வேண்டும்.
கிளைபேடா துறைமுகத்தின் கிரேன்களுக்கு
வேலை பங்கிடும் மென்பொருள் இது.
புதிய பதிப்பில் பொத்தான்கள் இடம் மாறிவிட்டன,
கையேட்டின் அம்புகளோ
பழைய இடத்தையே இன்னும் குத்திக்கொண்டிருக்கின்றன.

கோப்புறைகள் திறந்தேன்.
உள்நுழைவு. கப்பல் வருகை. காற்றுவேகம். பிழைகள்.
எதிலும் சேராதவற்றுக்கு ஒன்று,
'பிற' என்று பெயர் வைத்தேன்.
மதியத்துக்குள் அதுதான் பெருத்துக் கிடந்தது.

எனக்குச் சில விதிகள் உண்டு.
அம்பு சிவப்பு, மூன்று புள்ளிக் கனம்.
நுனி சொல்லைத் தொடலாம், மறைக்கக் கூடாது.
ஆள்பெயர் வந்தால் கறுப்புப் பட்டை;
மங்கலாக்கினால் போதாது,
மங்கலை யாராவது துடைத்துப் பார்த்துவிடுவார்கள்.
ஒரு படத்தில் நான்கு எண்களுக்கு மேல் வேண்டாம்.
ஐந்தாவதை யாரும் படிப்பதில்லை,
நானும்.

அவர் இதில் எதையும் மதிக்கவில்லை.
கையால் இழுத்த அம்புகள்,
போய்ச்சேரும் இடத்தில் சற்றுத் தடுக்கி விழுந்தன.
'இதை அழுத்தாதே' என்று ஒரு குறிப்பு;
ஏன் என்று எங்கும் இல்லை.
சோதனைக் கப்பல்களுக்கு அவரே பெயரிட்டிருந்தார்:
தூங்குமூஞ்சி. மூன்றாம் சனிக்கிழமை. பீட்ரூட் சூப்.
பீட்ரூட் சூப் நாற்பதாயிரம் டன் உரத்தோடு
காற்று அடங்கக் காத்து நின்றது.

நானூற்றுப் பன்னிரண்டில்தான் முதலில் கண்டேன்.
கிரேன் ஜன்னலுக்குப் பின்னால்
வலது ஓரத்தில், விரற்கடை அகலத்தில்
இன்னொரு ஜன்னல்.
பழுப்பும் வெள்ளையுமாக நான்கு கட்டங்கள்,
ஒன்றில் ஒரு சிப்பாய்.

அடுத்த படத்தில் சிப்பாய் இல்லை.
நானூற்று முப்பதில் யானையின் பாதி.

சதுரங்கம். அலுவலக நேரத்தில்.
மூலைக் கடிகாரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது:
காலை பத்தே கால், வெளியே மைனஸ் ஒன்பது.

வெட்டி எறிய வேண்டியது அந்த ஓரத்தைத்தான்.
வெட்டாமல் வரிசைப்படுத்தினேன்,
தேதிவாரியாக, பிறகு மணிவாரியாக.
ஒரு சோற்றைத் தொட்டுப் பானையை அறிபவள்போல்
நான்கு கட்டங்களைக் கொண்டு
மீதி அறுபதையும் காகிதத்தில் எழுப்பினேன்.
யாரோடு ஆடினார், தெரியாது.
ராத்திரியில் மட்டும் காய் நகர்த்தும் ஆள்.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
கடற்காற்று கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தது.
"கிளம்பவில்லையா?" என்றாள் ஸ்கைஸ்தே,
மேல்கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு.
"காற்றுவேகம்" என்றேன்.

ஆயிரத்து அறுபத்தாறு.
தவறுதலாக முழுத்திரையும் பதிந்த ஒரே படம்.
பலகை முழுசாக. கறுப்பு அவருடையது.
நகர்த்த வேண்டியதும் அவரே.
யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள்;
இங்கே யானைகள் இரண்டும் வெட்டுப்பட்டாயிற்று,
குதிரைதான் எழுந்திருக்க வேண்டும்.
அதற்கடுத்த படங்களில் ஓரம் காலி.

அரைமணி நேரம் பார்த்தபடி இருந்தேன்.
பிறகு ஒரு சிவப்பு அம்பு, மூன்று புள்ளிக் கனம்,
குதிரையிடம் தொடங்கி
ராஜாவையும் ராணியையும் ஒருசேர மிரட்டும் கட்டம்வரை.
பக்கத்தில் வட்டமிட்டு, எண் ஒன்று.
எண் இரண்டு தேவைப்படவில்லை.

ரிகாவில் வேறு கம்பெனியில் இருக்கிறார் இப்போது.
அனுப்பினேன்.
எதிராளியின் பெயரை, பழக்கதோஷம்,
கறுப்பாக்கியிருந்தேன்.

ஞாயிறன்று பதில்.
அந்த ஆட்டத்தை அன்றே விட்டுக்கொடுத்தாராம்.
குதிரை கண்ணிலேயே படவில்லையாம்.
அதன் கீழே ஒரு கேள்வி:
'காற்றுவேகப் பக்கத்தில் நான்காவது பொத்தான்
இன்னும் சாம்பல் நிறம்தானா?'

திறந்து பார்த்தேன்.
ஆமாம்.
படமெடுத்து,
என் ஓரத்தில் என்ன தெரிகிறதென்று
பார்க்காமலே அனுப்பினேன்.