அஞ்செழுத்து

வியாழக்கிழமை மத்தியானம் ஃபிலிம் வந்தது.
காளை அதே காளை.
காங்கேயத்துத் திமில், கொம்பு, முறைப்பு.
கீழே இருந்த அஞ்செழுத்துதான் இல்லை.
அந்த இடத்தில்
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ மூன்று.

"சூரத்துங்க்கா" என்றான் ரஞ்சன்,
பஸ் போர்டு படிக்கிற மாதிரி.
கஞ்சாமில் இருந்து முதலில் அங்கேதான் போனானாம்.
ஏழு வருசம் தறி.
அண்ணன் இன்னும் அங்கேதான்.

ஆக, எனக்கும் ரஞ்சனுக்கும் தெரிந்துவிட்டது,
பேப்பர்க்காரனுக்கு முன்னால்,
கலெக்டருக்கு மனு எழுதப்போகிறவர்களுக்கு முன்னால்,
கோல்கீப்பருக்கும் முன்னால் என்றே நினைக்கிறேன்.
"வெளிய மூச்சு விட்டுறாதீங்" என்றார்
மேனேஜர் போனில்.
அறுநூறு பீஸ். நாற்பத்தைந்து நாளில் பணம்.

போகலாமா கூடாதா என்று
என்னைக் கேட்க ஆளில்லை.
கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.
வாடகை ஏறியதென்று ராயபுரத்தை விட்டு
வீரபாண்டிக்கு யூனிட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள்.
எதிர்த்த டீக்கடைக்கு ஒரு வார்த்தை சொன்னேனா?
ஆர்டர் வங்கதேசத்துக்குப் போகிறது,
ஆள் ஒடிசாவில் இருந்து வருகிறது,
சாயத்தண்ணி ஒன்றுதான்
எங்கும் போகாமல் ஊரோடு கிடந்தது.
ஜெர்சித் துணியே சூரத்துப் பாலியெஸ்டர்.
பத்து நாட்டுக்குப் பருத்தி பனியன் அனுப்புகிற ஊர்
பதினொரு பேருக்கு அங்கிருந்துதான் வாங்கியது.

முதலாளி கணக்கும் பொய்யில்லை.
வருசம் மூணு கோடி கையைக் கடிக்கிறது.
டிக்கெட் ஐம்பது ரூபாய்,
அதிலும் கால்வாசிப் பேர் சுவரேறிக் குதித்தவர்கள்.
கண்ணபுரம் சந்தையில்
துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறபோது
காளையையா கேட்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
போகாமல் இருந்திருக்கலாம்.
கடைசி ஊர் ஆட்டம் என்று
அத்தனை பேரில் எனக்கு மட்டும் தெரியும்.
மூன்றாவது வரிசையில் நாச்சிமுத்து,
மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்த சிவந்த கண்ணோடு
தகர டிரம்மைப் போட்டு உரித்துக்கொண்டிருந்தார்.
இரண்டாயிரம் பேர் இருக்கும்.
திருப்... பூர்! திருப்... பூர்!
அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து
நானும் ஒரு கணக்குப் போட்டேன்.

என் யூனிட்டுக்காக எவரும் கத்தியதில்லை.
எந்த பனியனுக்கும்
எவர் தொண்டையும் கட்டியதில்லை.
இந்தக் கத்தல் எந்தப் பேரேட்டில் ஏறும்?
வரவா, பற்றா?
காளை அவருடையது, விற்கட்டும்.
கத்தல் யாருடையது?
அதையும் சேர்த்தா துண்டைப் போட்டார்கள்?

எழுபத்தெட்டாம் நிமிடம்
மணிப்பூர்ப் பையன் வலது ஓரத்தில் இருந்து விட்டான் ஒன்று.
வலை உப்பியது.
எழுந்து நின்று கத்துகிறேன்,
என் வாயில் அதே அஞ்செழுத்து.
நாச்சிமுத்து திரும்பி
"அடுத்த சீசன் பாருங் அம்மிணி!" என்றார்.
தலையை ஆட்டினேன்.
எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று ஞாபகமில்லை.

திங்கள் காலை.
"பழச கழுவீரலாமாக்கா?"
ஃப்ரேம் ஒன்று எண்ணூறு ரூபாய்.
கழுவு என்றேன்.
கெமிக்கல், பிரஷ், தண்ணீர்ப் பீச்சு.
காளை போனது. எழுத்து போனது.
டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தால் மட்டும்
வலைக்குள் ஒரு மங்கல்,
'பூ' மாதிரி, சுழித்தபடி.
பேய் நிக்குது என்போம் எங்கள் தொழிலில்.
எவ்வளவு தேய்த்தாலும் போகாது.
அச்சில் விழவும் விழாது.
அறுநூறும் சுத்தமாகத்தான் இறங்கியது.

கடைசிப் பீஸைச் சூடு ஆறுமுன்னே
ரஞ்சன் நெஞ்சில் வைத்துப் பார்த்தான்.
"அண்ணன் கேக்கறான்க்கா,
டீமு நல்லா ஆடுமான்னு."
சொல்லிவிட்டாயா என்று திட்ட வந்த வாய்
திட்டவில்லை.

"கத்தச் சொல்லு," என்றேன்.
"கத்துனா ஆடும்."