அறுபது இடங்கள்

வாடைக்காற்று தொடங்கும் வாரத்தில்
விண்ணப்பம் கொடுப்போம்.
உச்சிப்புளி தாண்டி நெடுஞ்சாலையோரம்
விடியுமுன்னே கார்கள் நிற்கும்,
ராமநாதபுரத்துக் கார்கள், கீழக்கரைக் கார்கள்,
பரமக்குடியிலிருந்து ஒன்று, ராத்திரியே வந்துவிட்டது.
ஜன்னல் இரண்டு இருந்தும்
ஒன்றைத்தான் திறக்கச் சொன்னார் தாளாளர்.
ராமேஸ்வரம் போகிற பேருந்தெல்லாம்
வரிசையை எட்டிப் பார்க்க வேண்டுமாம்.

எல்.கே.ஜி.க்கு அறுபது இடம்.
பலகையில் எழுதியது நான்.
மேற்குக் கட்டடத்தில் இன்னும் அறுபது குட்டி நாற்காலிகள்
பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடப்பதும்
எனக்குத் தெரியும்.
சாவி என் மேசை டிராயரில்.

பள்ளிக்கு வயது நாலு.
இங்கே படித்துப் பெரிய ஆளானவர் என்று
படம் போட ஒருத்தரும் இல்லை.
திருப்பி அனுப்பியவர்களை வைத்துத்தான்
பேர் வாங்க வேண்டியிருந்தது.
ஆண்டு மலரின் முதல் பக்கத்தில்
எழுநூற்றுப் பன்னிரண்டு என்று கொட்டை எழுத்தில் வந்தது.
அத்தனை பேருக்கும்
"வருந்துகிறோம்" அடித்ததும் நான்தான்.
என் மகள் மண்டபம் ஒன்றியப் பள்ளியில் மூன்றாவது.
இதை யாரும் கேட்கவில்லை.

நம்புசெல்வி பாம்பனிலிருந்து வந்தாள்.
குந்துகால் போகும் வழியில்
புருஷனுக்குப் படகு இன்ஜின் பட்டறை.
நகத்தடிக் கிரீஸ் போக
எலுமிச்சை தேய்த்திருந்தான்.
அறை முழுக்க எலுமிச்சை.
பையன் தர்ஷித் மூன்று நிறம் சொன்னான்,
நாலாவதுக்குக் கொட்டாவி விட்டான்.
பிறகு அம்மாவிடம்,
உங்கள் பொழுதுபோக்கு?
"மை ஹாபி இஸ் கார்டனிங்."
ஒரே மூச்சு.
அன்றைக்கு அதைச் சொன்ன பதினொன்றாவது அம்மா அவள்.
ராமநாதபுரத்தில் ஒரு மிஸ்
ஐயாயிரத்துக்குச் சொல்லித் தருகிறார்.

என்ன பூ, என்றார் முதல்வர்.
பாடத்தில் அது இல்லை.
கோப்போடு நின்ற என்னைப் பார்த்தாள்.
நான் குனிந்து
விழாத ஸ்டேப்ளரைத் தேடினேன்.

வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்று
யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.
பொங்கல் கழிந்து ஒருநாள் பேருந்தில்
மடியில் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டியோடு உட்கார்ந்திருந்தாள்,
உப்புக்காற்றுக்குப் பயந்து
பாலித்தீன் பையால் மூடி,
மூச்சுவிட ஓட்டை போட்டு.
பள்ளியிலிருந்து யாரும்
யார் வீட்டுக்கும் போனதில்லை.
சொல்லியிருக்கலாம்.
மண்டபம் வந்தது, இறங்கிவிட்டேன்.

கச்சான் காற்று திரும்பிய ஜூனில்
வங்கிக்காரர்கள் இரண்டு முறை வந்து போனார்கள்.
மேற்குக் கட்டடத்தைப் பெருக்கச் சொன்னார் தாளாளர்.
காத்திருப்போர் பட்டியலிலிருந்து கூப்பிடு,
கட்டட நிதி ஒன்றரை லட்சம்,
தருகிறவர்களுக்கு மட்டும், மெதுவாகப் பேசு.
காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று கிடையாது.
வருத்தக் கடித நகல்களைப் புரட்டி
அன்று மத்தியானம் நானே உண்டாக்கினேன்.
பட்டறை வைத்திருக்கிறவன், புரட்டிவிடுவான் என்று
நாற்பதாவதாக அவர்களை எழுதினேன்.
நல்லதாகத்தான் நினைத்து எழுதினேன்.

மணல் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.
அவள் பக்கத்தில் ஏதோ இன்ஜினை
ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
பிடிக்கும், அணையும், மறுபடி பிடிக்கும்.
பள்ளியிலிருந்து என்றேன்.
"ஏங்க, அத அமத்துங்க" என்று கத்தினாள்.
அமைதியானதும்,
"பூப்பேரெல்லாம் படிச்சு வச்சிருக்கேன் மேடம்.
செடி ரெண்டும் கருகிப்போச்சு,
ஆனா பேரு சொல்லிருவேன்."
செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி,
இட்லிப்பூ, டிசம்பர்பூ,
இங்கிலீஷில் வேண்டுமா என்று கேட்டுவிட்டு
மறுபடி முதலிலிருந்து.

தொகையை நான் இன்னும் சொல்லவில்லை.